அரங்கமைப்பும் நாடகக் கருத்தும்

நாடகத்தின் உயிர் உரையாடலில் உள்ளதென்பதும், அரங்கமைப்பு அதற்கு அணியே என்பதும் பலர் கொள்கை. அணியெனின், அதனை நீக்கிய வழியும் பொருள் குன்றுதல் கூடாது. ஆதர் மில்லரின் 'விற்பனையாளன் ஒருவனின் மரணம்' இக்கொள்கைக்கு மாறான சான்றாக விளங்குகின்றது.

1949 ஆம் ஆண்டு, எலியா கசானின் நெறியாள்கையில் நியூயோர்க்கில் அரங்கேறிய இந்நாடகத்திற்கு அரங்கமைத்தவர் ஜோ மீல்சினர். முதுமையெய்திய விற்பனையாளனான வில்லி லோமனின் சிறு வீடு, ஊடுருவிக் காணத்தக்க சட்டங்களாகவே நிற்கின்றது. உயர்ந்த மாடிக் கட்டடங்கள் அதனைச் சூழ்ந்து நெருக்குகின்றன.

நிகழ்காலக் காட்சிகளில் மாந்தர் இல்லாத சுவரை உள்ளதாகவே கொண்டு வாயில் வழியே புகுவர். வில்லியின் உள்ளத்திற் கடந்தகாலம் எழுமிடத்து, அச்சுவரைக் கடந்து முன்னரங்கிற்கு வருவர். அவன் அறிவு நிகழ்காலத்தை விட்டு நழுவும் தருணத்தை எப்பாத்திரமும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒருவர் சுவரைக் கடந்த அளவிலே நாம் அறிந்துகொள்கின்றோம். மில்லர் இந்நாடகத்திற்கு முதலில் எண்ணிய பெயர் 'அவன் தலையின் உள்ளே' என்பது. பெயர் மாறியபோதும் அரங்கு அக்கருத்தைப் போற்றிக்கொண்டது.

இனி, ஒளியமைப்பை நோக்குவாம். பழைய நினைவு தோன்றுங்கால் கட்டடங்கள் மறைய, வீடெங்கும் இலைகளின் நிழல் படர்கின்றது. இவ்வழகு ஓர் ஐயத்தை எழுப்புகின்றது. கட்டடங்களே வில்லியை நசுக்கினவெனின், பழி முழுவதும் நகரத்தைச் சாரும்; அவன் குற்றமற்றவனாவான். நாடகமோ அவ்வாறு கூறவில்லை. பொய்க் கனவை மைந்தர்க்கும் ஊட்டியவன் அவனே. ஆயின், இலைகள் படர்வது அவன் நினைவில் என்பதை மறத்தலாகாது. பொஸ்டன் விடுதியில் அவன் மனைவிக்கு இழைத்த துரோகமும் அந்நினைவினுள்ளேயே புதைந்து கிடக்கின்றது. பசுமையில் மயங்கிய நாமும் அவன் பொய்யிற் சிறிது நேரம் பங்குகொள்கின்றோம். பின்னர் உண்மை வெளிப்படுங்கால் நமக்கு நேரும் அதிர்ச்சிக்கு இம்மயக்கமே காரணம். எனவே, அரங்கமைப்பு வில்லியின் குற்றத்தை மறைக்கின்றது என்பார் கூற்றுப் பொருந்தாது.

இறுதியில் மனைவி கல்லறையின் முன் புலம்புகின்றாள். வீட்டுக் கடன் அன்றுதான் தீர்ந்தது, வீட்டுக்குரியவன் இல்லை. அவள் சென்றபின், இருளும் அரங்கில் அவ்வீட்டின் மேல் மாடிக் கட்டடங்கள் மட்டும் தெளிவுற எழுகின்றன. இம்முடிவு சொல்லால் ஆவதன்று.

நம் கல்லூரி மேடைகளில் அரண்மனைத் திரையொன்றே பல நாடகங்கட்கும் உதவுவதுண்டு. பொருட்செலவு இயலாமை அதற்குக் காரணமெனலாம். ஆயினும் மீல்சினரின் சுவர், நடிகர் ஒத்துக்கொண்ட ஒரு விதியேயன்றி வேறில்லை. நாடகத்தை நன்கு கற்றார்க்கு அத்தகைய விதியை வகுத்தல் அரிதன்று.