களத்தில் இறக்கும் கை

'தி ஸ்மாஷிங் மெஷின்' என்ற பெயரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று 2002ல் ஜான் ஹயம்ஸ் எடுத்த ஆவணப்படம். மற்றொன்று 2025ல் பென்னி சாஃப்டி இயக்கி, ட்வெய்ன் ஜான்சன் நடித்த படம். இரண்டுமே மார்க் கெர் என்ற அமெரிக்க எம்.எம்.ஏ. வீரரைப் பற்றியவை. புதிய படத்தை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார். ஐந்து நிமிடம் பார்த்திருப்பார். "இதெல்லாம் ஒரு வெளையாட்டாடா? ஆடு மாடு கூட இப்படி முட்டிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உடனே பதில் வரவில்லை எனக்கு. அதற்குப் பிறகு பழைய படத்தையும் தேடிப் பார்த்தேன்.

அம்மாவின் கேள்வியை முப்பது வருடம் முன்பே ஒரு செனட்டர் கேட்டிருக்கிறார். 1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடந்தது. எட்டுப் பேர், எடைப் பிரிவு கிடையாது, கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது. கிட்டத்தட்ட அவ்வளவுதான் விதி. முதல் சண்டை அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. கீழே விழுந்த சுமோ வீரரின் முகத்தில் உதை விழுந்து ஒரு பல் பறந்தது. இப்படிப்பட்ட போட்டிகளின் வீடியோவைப் பார்த்த ஜான் மெக்கெய்ன், 1996ல் ஐம்பது மாநில ஆளுநர்களுக்கும் தடை கேட்டுக் கடிதம் எழுதினார். இதை 'மனிதச் சேவல் சண்டை' என்று அவர் சொன்னது இன்றுவரை நிலைத்துவிட்டது. அவரோ குத்துச்சண்டை ரசிகர், கடற்படைக் கல்லூரியில் தானே குத்துச்சண்டை போட்டவர். அப்போ அவரோட பிரச்சினை அடி இல்லை, அடி எந்த உடுப்பில் வருகிறது என்பதுதான் என்று கிண்டல் செய்யலாம். ஆனால் அந்த உவமையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

'ஆடுகளம்' பார்த்த நமக்குச் சேவல் சண்டையை விளக்க வேண்டியதில்லை. சேவல் சில நேரம் திரும்பி ஓடும். அதைப் பிடித்து, தண்ணீர் காட்டி, தடவிக்கொடுத்து மறுபடி இறக்குவது வளர்த்தவன் கை. போதும் என்று சொல்லும் உரிமை சேவலிடம் இல்லை.

எம்.எம்.ஏ.வில் இருக்கிறது. கழுத்து இறுகும்போதோ முழங்கை முறியப்போகும்போதோ எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டினால் சண்டை அந்த நொடியே முடிந்துவிடும். முதல் போட்டியை வென்ற ராய்ஸ் கிரேஸி, எண்பது கிலோ சொச்சம்தான் இருப்பார். ஒரே இரவில் மூன்று பேரையும் தட்ட வைத்தே ஜெயித்தார். அதில் ஒருவர் ஒற்றைக் கையுறையோடு வந்த குத்துச்சண்டை வீரர். தோற்றவர்கள் எழுந்து நடந்து போனார்கள். குத்துச்சண்டையில் இதற்கு நேர் எதிர். விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டும், எழுந்து இன்னும் அடி வாங்க வேண்டும். 'சார்பட்டா பரம்பரை' வரைக்கும் நாம் விசில் அடித்தது எழுந்து நிற்பவனுக்குத்தானே? 1982ல் தென்கொரியாவின் டுக் கூ கிம் அப்படி எழுந்து எழுந்து பதினான்காவது சுற்று வரை வந்தார். சில நாட்களில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பதினைந்து சுற்றைப் பன்னிரண்டாகக் குறைத்தது.

அதனால் எம்.எம்.ஏ. பத்திரமானது என்று சொல்ல வரவில்லை. தாடையில் விழும் அடிக்குத் தட்ட அவகாசம் கிடைக்காது. அங்கே அவனுக்காக நிறுத்த வேண்டியவர் நடுவர். 2001ல் நியூஜெர்சியில் பொது விதிகள் உருவானதும், 1997ல் தடை போட்ட நியூயார்க் 2016ல் அதை நீக்கியதும் இந்தப் பொறுப்பை எழுத்தில் கொண்டுவந்த பிறகுதான். எடைப் பிரிவு, ஐந்து நிமிடச் சுற்று, கீழே கிடப்பவன் தலையில் உதைக்கக் கூடாது என்ற தடை எல்லாம் இப்படி வந்தவை. கெர் வாழ்க்கையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1999ல் யோகோஹாமாவில், தரையில் இருந்த அவர் தலையில் இகோர் வோவ்சான்சின் முழங்காலால் இடித்தார். அன்றைய விதிப்படி அது தப்பு. முதலில் கெர் தோற்றதாக அறிவித்தார்கள், பிறகு முடிவில்லாத சண்டை என்று மாற்றினார்கள். விதி இருக்கு, மீறினா கேட்கலாம். எனக்கு அது விளையாட்டுதான்.

பிறகு ஏன் ஆவணப்படத்தைப் பார்த்து முடித்தபோது தூக்கம் வரவில்லை?

காரணம், அதில் என்னை உலுக்கிய காட்சி களத்தில் நடக்கவில்லை. கெர் வலி நிவாரண மருந்தைத் தானே ஊசியில் ஏற்றிக்கொள்கிறார். கேமரா பக்கத்திலேயே இருக்கிறது. 1997ல் பிரேசிலில் கையுறை இல்லாமல் ஒரே இரவில் மூன்று பேரை வென்ற உடம்பு அது. அடுத்த சண்டைக்குப் போக அதற்கு மருந்து வேண்டும். பிறகு அளவு மீறி மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து அழுகிறார். களத்தில் தட்டலாம். இங்கே யாரிடம் தட்டுவது?

சாஃப்டியின் படத்தில் ஒரு நல்ல காட்சி உண்டு. மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒரு வயதான பெண், சண்டை போடுபவர்கள் ஒருவரை ஒருவர் வெறுப்பீர்களா என்று கேட்கிறார். இல்லவே இல்லை என்கிறார் கெர். ஜான்சனின் குரல் அங்கே அவ்வளவு மென்மை. ஆனால் போகப்போகப் படம் கெரின் சிக்கலை அவருக்கும் காதலிக்கும் இடையிலான சண்டையாகச் சுருக்கிவிடுகிறது. கதவு உடைகிறது, அழுகை, சமாதானம். நடிப்பு பிரமாதம், சரி. ஆனால் ஊசிக்கும் அடுத்த போட்டித் தேதிக்கும் உள்ள தொடர்பு மங்கிப்போய், போதை ஒரு மனிதனின் பலவீனமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. ஹயம்ஸ் இந்தத் தவறைச் செய்யவில்லை. அவர் எதையும் விளக்குவதில்லை. ஊசியை அடுத்து பயிற்சி, பயிற்சியை அடுத்து விமானம் என்று வைத்துக்கொண்டே போகிறார். 2000ல் டோக்கியோ டோமில் ஃபுஜிதாவிடம் மூச்சு வாங்கித் தோற்கும் கெரைப் பார்க்கும்போது, இவரை இங்கே கூட்டிவந்தது யார் என்றுதான் தோன்றுகிறது.

அது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2015ல் மணிலாவில் போட்டிக்கு வந்த 21 வயதுச் சீன வீரர் ஒருவர் களத்தில் கால் வைக்கும் முன்பே இறந்தார். எடையைக் குறைக்க உடம்பிலிருந்த நீரை வற்றவைத்ததுதான் காரணம். அதன் பிறகுதான் அந்தப் போட்டி நிறுவனம் நீர்ச்சத்துப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. 2014ல் வீரர்கள் யு.எஃப்.சி. மீது ஏகபோக வழக்கு போட்டார்கள். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் வீரர்களுக்குப் போகிறது என்ற கணக்கு அதில் வெளிவந்தது. பத்து வருட இழுபறிக்குப் பிறகு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. சம்பளம் குறைந்தவன் காயத்தோடும் அடுத்த சண்டைக்கு 'சரி' என்றுதான் சொல்வான்.

மெக்கெய்னின் உவமை கூண்டுக்குள் தப்பு, வெளியே கிட்டத்தட்ட சரி. ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும், ரத்தம் இல்லாத சண்டையைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் நம்மைப் போன்ற ரசிகர்களும் கூண்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாரா வாரம் புதுச் சண்டை வேண்டும் என்று காத்திருப்பவன் நானும்தான். அந்தத் தேதிக்குத்தான் ஒருவன் தண்ணீர் குடிக்காமல் கிடக்கிறான்.

புதிய படத்தின் முடிவில் நிஜ மார்க் கெர் வருகிறார். வயதாகிவிட்டது, கடையில் சாமான் வாங்குகிறார். அந்த இடத்தில் நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டேன். "இவருதாம்மா அவரு. விளையாட்டுதான் அது, வேணாம்னா கையத் தட்டிட்டு வந்துடலாம்" என்றேன். ஊசி, மருத்துவமனைக் கதையையும் சொன்னேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "அப்ப அந்த மருந்தப் போட்டுக்கிட்டு வரச்சொல்லி யாரு காத்துக்கிட்டு இருந்தா?"

ரிமோட் என் கையில் இருந்தது.