தலைக்கு 3,750 டன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

மனிதர்கள் இந்தப் பூமியில் கட்டியது, கொட்டியது, தோண்டியது, உழுதது எல்லாவற்றையும் தராசில் ஏற்றினால் சுமார் 30 லட்சம் கோடி டன் வரும். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக நிலவியலாளர் யான் ஸலாசியேவிச்சும் சகாக்களும் 2016-ல் சொன்ன மதிப்பீடு இது. கடலையும் சேர்த்துப் பரப்பினால்கூட சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல். உலக ஜனத்தொகை சுமார் 800 கோடி. வகுத்தால் தலைக்கு 3,750 டன்.

பக்கத்தில் நின்றிருந்தவரைப் பார்த்தேன். மலைக்காரர், அறுபது வயதிருக்கும். கையில் பட்டன் போன், காலடியில் ரேஷன் அரிசி, தோளில் சாய்த்தபடி நாலு தகர ஷீட். இவர் பங்கும் 3,750 டன்தானா?

இங்கேதான் எனக்கு உதைத்தது.

இந்த எடைக் கணக்கின் பின்னால் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஹாஃப் 2014-ல் விரிவாக எழுதியது. வளிமண்டலம், நீர்மண்டலம், உயிர்மண்டலம் மாதிரி, மனிதன் செய்த சாலை, மின்கம்பி, ஆலை, வங்கி, அரசாங்கம் எல்லாம் சேர்ந்து பூமியின் இன்னொரு மண்டலமாகிவிட்டது என்கிறார். பெயர் டெக்னோஸ்பியர். தொழில்நுட்ப மண்டலம் என்று வைத்துக்கொள்வோம். நாம் அதன் எஜமானர்கள் அல்ல, உதிரி பாகங்கள். இதுதான் அவர் கட்சி.

முதல் பாதியில் எனக்குச் சண்டையே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. 1960-களில் கட்டியது, 46 அடி. கல்வராயன் மலையில் பெய்கிற மழை அணையில் நின்று, வாய்க்காலில் ஓடி, கரும்பாகி, ஆலைக்குப் போய், சர்க்கரையாகி நம் டீ கிளாஸுக்கு வருகிறது. இதில் இயற்கை எங்கே முடிந்தது, மனிதன் எங்கே ஆரம்பித்தான்? கோடு போட்டுக் காட்டுங்கள் பார்க்கலாம். முடியாது. மழையும் மதகும் ஒரே எந்திரத்தின் பாகங்கள்தான். ஹாஃப் சொல்வது சரி.

சிக்கல் இரண்டாவது பாதியில். அவர் ஆறு விதிகள் சொல்கிறார். ஒரு விதிப்படி, பெரிய அமைப்புகளைத் தனிமனிதனால் அசைக்க முடியாது. இன்னொரு விதிப்படி, பெரும்பாலான மனிதர்கள் அந்த அமைப்பு ஓடுவதற்கு வேண்டிய வேலையைச் செய்தாக வேண்டும். ஆறாவது விதி: பதிலுக்கு, மனிதர்கள் பிழைத்திருக்கத் தேவையானதை அமைப்பு கொடுத்தாக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, போனஸ் ஒப்பந்தம் மாதிரி.

இப்போது 2024 ஜூனுக்கு வாருங்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரம். பாக்கெட் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பலர் கூலி வேலைக்குப் போனவர்கள், அந்த அமைப்புக்கு வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள். குடித்தது மெத்தனால். இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ ஆலைகளில் தயாராகிற சரக்கு. பெயின்ட்டுக்கும் பிளைவுட் பசைக்கும் போக வேண்டியது. உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. தொழில்நுட்ப மண்டலம் அந்த மக்களுக்கு பிளாஸ்டிக் பாக்கெட்டில் கொடுத்த பங்கு அது.

ஆறாவது விதி என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. 60 உதிரி பாகங்கள் கழன்றதில் எந்த மெத்தனால் ஆலையும் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. மண்டலத்தின் பார்வையில் அது தூசு. இந்தச் சித்தாந்தத்தில் நான் குறை காண்பது இதைத்தான். எவ்வளவு உயரத்தில் ஏறி நின்று பார்த்தால் மனிதன் தெரியமாட்டானோ, அவ்வளவு உயரத்தில் நின்று எழுதியது அது.

உயர் நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. யார் காய்ச்சியது, யார் விற்றது, யார் கண்ணை மூடிக்கொண்டது என்று கேட்டது. 2024 நவம்பரில் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. வளிமண்டலத்தின் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது. ஆனால் மெத்தனால் தானாக நடந்து கருணாபுரம் வராது. ஏற்றி அனுப்பியவனுக்குப் பெயர் உண்டு, தடுத்திருக்க வேண்டிய நாற்காலிக்கும் பெயர் உண்டு.

இன்னொன்றும் நடந்தது. அதே வருஷம், கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றி அந்த நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த மலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1976-ல். அரை நூற்றாண்டு நெருங்கும்போதும் சாலை, ஆஸ்பத்திரி என்று அடிப்படைச் சமாசாரங்களுக்கு நீதிபதிகள் வாய் திறக்க வேண்டியிருந்தது.

பஸ்ஸில் தகர ஷீட்காரரோடு பேச்சுக் கொடுத்தேன். பட்டணத்துப் படிப்பாளியின் கவலையோடு, "ரோடு போட்டா காடு கெட்டுடாதாங்க?" என்று கேட்டும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "மரம் ஏத்துன லாரி போறதுக்கு அந்தக் காலத்துலயே வழி இருந்துச்சு சார். புள்ளத்தாச்சிய தூக்கினு போறப்பதான் காடு கெட்டுப்போவுதுன்றாங்க" என்றார்.

ஹாஃபின் ஆறு விதிகளிலும் இதற்கு இடமில்லை.

எடைக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. 2020-ல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் வேறொரு கணக்குக் கொடுத்தார்கள். மனிதன் செய்த பொருள்களின் எடை 1.1 லட்சம் கோடி டன்; பூமியின் உயிர்கள் எல்லாவற்றின் உலர் எடையை அது எட்டிவிட்டது என்றார்கள். ஒரு ஆடிட்டர் 30, இன்னொருவர் 1.1! யாரும் பொய் சொல்லவில்லை. முதல் கணக்கில் உழுத வயலும் மேய்ச்சல் நிலமும் சேர்த்தி. இரண்டாவதில் பயன்பாட்டில் இருக்கும் கட்டடம், சாலை, எந்திரம் மாதிரி செய்பொருள்கள் மட்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் சூட்சுமம். இரண்டு பேருமே சேர்க்காத பத்தி ஒன்று இருக்கிறது: யார் பெயரில் பற்று, யார் பெயரில் வரவு? முதலாம் ஆண்டு பி.காம். பையன்கூட அந்தப் பத்தி இல்லாத பேரேட்டை ஒப்புக்கொள்ள மாட்டான்.

மனிதன் தான்தான் இந்தப் பூமிக்கு முதலாளி என்று நினைத்த இறுமாப்புக்கு ஹாஃப் ஒரு குட்டு வைத்தார். அது தேவைதான். ஆனால் முதலாளியே கிடையாது என்று சொன்னால், உள்ளபடியே முதலாளியாக இருக்கிறவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். 'மனிதகுலம் பூமியைக் கெடுத்துவிட்டது' என்று இனி யாராவது மேடையில் உருகினால், எந்த மனிதர் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

வெள்ளிமலைக்கு முன்னாலேயே ஒரு வளைவில் அவர் இறங்கினார். அங்கிருந்து மூன்று மைல் நடை என்றார். தகரத்தைத் தலையில் ஏற்ற ஒரு கை கொடுத்தேன்.

அன்றைக்கு அந்த 3,750 டன்னில் அவர் பங்கு, நாலு ஷீட். அதுவும் கடன் சொல்லி வாங்கியதாம்.