புதிய கோஷ்டியும் பழைய வேஷமும்

அரிதாரம் பூசாமலும் கிரீடம் தரிக்காமலும் ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒருவர் கதைக்களத்தை வாயால் வர்ணிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தத்தம் வார்த்தையாலேயே கதையை நடத்திச் செல்வதும், சந்தேகமான கட்டங்களில் இருபது முகமுள்ள பகடையொன்றை உருட்டி அதன் தீர்ப்புக்குத் தலைவணங்குவதுமாகிய ஒரு விளையாட்டு, 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் மூன்று சிறு புத்தகங்களைப் பெட்டியில் அடைத்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டது முதல் உலகெங்கும் பரவிவிட்டது. பணயமில்லாத சூது என்றோ பார்வையாளர் இல்லாத நாடகம் என்றோ அதை வர்ணித்தால் பிழையில்லை. புஷ்கரனோடு சூதாடி நளன் ராஜ்யத்தைத் தோற்பதைக் கதகளியில் இரவு முழுவதும் கண்விழித்துப் பார்த்துப் பழகிய திருவனந்தபுரத்து ரஸிகனுக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இருக்க நியாயமில்லை.

இத்தகைய மேஜைகளில் சில வருஷம் பழகியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கதைகள் இன்னும் எத்தனையோ இருக்க, கோஷ்டி மட்டும் அலுத்துவிட்டதென்ற புகார் தவறாமல் வெளிவரும். பேராசைக்கார வியாபாரியாக வேஷமேற்பவர் எந்த உலகத்தில் கொண்டுபோய் விட்டாலும் பேரம் பேசாமல் இருக்கமாட்டார். வாளேந்திய வீரர் திறந்து கிடக்கும் கதவைக்கூட உதைத்துக்கொண்டுதான் பிரவேசிப்பார். கதை நடத்தும் டஞ்சன் மாஸ்டரும், இன்னார் இன்னபடி செய்வார் என்று தீர்மானமாகத் தெரிந்துகொண்டபடியால், உதைப்பதற்குத் தோதான கதவுகளையே வரிசையாக நிறுத்திவைப்பார். எல்லோரும் நல்லவர்கள், நண்பர்கள். யாரையும் குறைசொல்ல வழியில்லை. ஆனாலும் கேள்வி பிறக்கும் முன்பே பதில் தெரிந்துவிடுகிற இடத்தில் சம்பாஷணை என்ற ஒன்று எப்படி உயிர் வாழும்?

இதற்குப் பரிகாரமாகப் பலரும் புதுப் புத்தகம் வாங்குவார்கள். ராக்ஷஸர்களுக்குப் பதிலாக விண்வெளியைக் கொண்டுவருவார்கள். அதனால் இரண்டு வாரம் கலகலப்பாக இருக்கும், அவ்வளவுதான். கதை பழசாவதால் அலுப்பு வருகிறதென்பது உண்மையானால், உண்ணாயி வாரியர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய நளசரிதம் என்ற கதகளி ஆட்டக்கதையை இன்றைக்கு யாரும் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. நளன் தோற்பான், தமயந்தியைக் காட்டில் விட்டுப் பிரிவான், கார்க்கோடகன் தீண்டிப் பாகுகனாக உருமாறுவான், கடைசியில் சேர்ந்துகொள்வான்; இவ்வளவும் சபையில் உள்ள குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும், அதே நளசரிதம் திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கேயாவது நடக்கிறதென்று கேள்விப்பட்டால் கதகளிப் பிரியர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வந்தவுடன் அவர்கள் விசாரிக்கிற முதல் விஷயம், இன்றைக்கு எந்த வேஷத்துக்கு எதிரே எந்த வேஷம் என்பதுதான்.

பிரதான நடிகருக்கு எதிரே நின்று ஆடும் பாத்திரத்தைக் கதகளிக்காரர்கள் கூட்டுவேஷம் என்பார்கள். பின்பாட்டுக்காரர்கள் பாடும் பதத்துக்கு முத்திரை பிடிப்பது வரையில் நடிகன் கவியின் அடிமை; பதம் முடிந்து, பாட்டு ஓய்ந்து, செண்டையும் மத்தளமும் மட்டும் துணைநிற்க, இரண்டு நடிகர்கள் கையாலும் கண்ணாலும் தங்கள் மனோதர்மப்படி பேசிக்கொள்ளும் இளகியாட்டம் தொடங்கிவிட்டால், அங்கே கவிக்கு அதிகாரம் இல்லை. நளசரிதத்தின் மூன்றாம் நாள் கதையில், அயோத்தியில் ருதுபர்ணனிடம் தேரோட்டியாக அமர்ந்த பாகுகன், பகலெல்லாம் குதிரைகளோடு பாடுபட்டுவிட்டு, இரவில் தன்னந்தனியே தமயந்தியை நினைத்துப் புலம்புகிறான். அதைக் கேட்டுவிட்ட ஜீவலன் என்ற உடன்வேலைக்காரன், யாரை நினைத்து இப்படி அழுகிறாய் என்று விசாரிக்கிறான். ஜீவலன் மிகச் சிறிய வேஷம். பெரிய நடிகர் யாரும் அதை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கமாட்டார். ஆயினும் அவன் கேட்கிற தினுசில்தான் அன்றைய இரவின் ரஸமெல்லாம் அடங்கியிருக்கிறது. ஒப்புக்குக் கேட்டால், பாகுகனும் ஒப்புக்கு ஒரு பொய்யைச் சொல்லி நகர்ந்துவிடலாம். உண்மையான அக்கறையோடு, கொஞ்சம் சந்தேகத்தையும் கலந்து, விடாமல் கேட்டானோ, தன்னை மறைத்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தமும் துக்கத்தைக் கொட்டிவிட வேண்டுமென்ற தவிப்பும் ஒரே சமயத்தில் பாகுகன் முகத்தில் வந்து மோதும். யாரோ ஒரு மூடனுடைய கதையைச் சொல்லுவது போலத் தன் கதையையே சொல்லிச் சமாளிக்கும் அந்த அபிநயத்துக்கு அப்போது வருகிற கனம், நடிகர் தம் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வருஷக்கணக்கில் சாதகம் செய்திருந்தாலும் வராது.

மேஜை விளையாட்டிலும் ஜீவலன்தான் அருமை. பாகுகனாக வேஷமேற்க எல்லாரும் தயார்.

முற்காலத்தில் கதகளி நடிகர்கள் களியோகம் என்ற ஒரே குழுவில் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் சேர்ந்திருந்தார்கள். பிரபுவோ அரண்மனையோ வேஷக் கோப்புகளைச் செய்துகொடுத்துப் போஷிக்க, ஒரே குழுவினர் ஒரே அணியறையில் முகத்தெழுத்துக்குப் படுத்து எழுந்து, ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். திருவனந்தபுரத்து வலிய கொட்டாரத்துக் களியோகத்தில் பிரதான வேஷக்காரராக விளங்கிய குரு செங்கன்னூர் ராமன் பிள்ளை (1886–1980) அத்தகைய யோகவாழ்வில் கனிந்தவர். துரியோதனன், கீசகன் முதலான, கத்தி என்ற எதிர்நாயக வேஷங்களில் அவர் பெயரைச் சொல்லாமல் தென் திருவிதாங்கூர்க்காரர் பேச்சை முடிக்கமாட்டார்கள். நீண்ட சகவாசத்தில் விளையும் அந்தப் பக்குவத்தை நான் சாதாரணமாக எண்ணவில்லை. எதிரே நிற்பவன் புருவம் அசைவதற்குள் அவன் எண்ணத்தை அறிந்துகொள்கிற சௌகரியம் வேறெதிலும் கிடைக்காது. அந்தச் சௌகரியமே முற்றிப்போனால் அலுப்பாகிறது என்பதுதான் சங்கடம். அரண்மனைப் போஷணை குன்றி, 1930-இல் வள்ளத்தோள் முதலியோர் தொடங்கிய கலாமண்டலமும், 1970-இல் டி. அப்புக்குட்டன் நாயர் திருவனந்தபுரத்திலேயே நிறுவிய மார்கியும் நடிகர்களை உருவாக்கும் காலம் வந்தபோது, வெவ்வேறு பாடசாலைகளில் தேர்ந்தவர்களை ஒரே இரவுக்காக வரவழைத்து எதிரெதிரே நிறுத்துகிற வழக்கம் பெருகிற்று. இங்குள்ள திருசியவேதி போன்ற கதகளி ரஸிக சபைகள் செய்கிற முக்கியமான கைங்கரியம் அதுவே. சுட்டி என்ற முக அலங்காரத்துக்காகப் பாயில் மல்லாந்து கிடக்கும்போதே, இளகியாட்டத்தில் இன்னதைக் கேட்கப்போகிறேன் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ‘ஊம்’ கொட்டுவார். ஒத்திகை அதோடு சரி.

தமிழ் நாடகத்துக்கும் இந்த ஊரில் ஒரு கோஷ்டி மாற்றம் வாய்த்தது. அதைச் சொல்லாமல் போகக் கூடாது. 1918-இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, ஸ்திரீபார்ட் நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் புதல்வர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகம் என்ற சிறுவனுக்காகவே சுவாமிகள் அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் வைத்துச் சோறு போட்டுப் பாடம் சொல்லி அடித்து வளர்க்கும் பாய்ஸ் கம்பெனியின் வாழ்வு கடுமையானது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றைய ராஜபார்ட் இன்று மூலையில் நிற்க வேண்டியதுதான். 1922-இல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானபின் அந்தச் சபைக்கு ஜீவன் குன்றியதில் வியப்பில்லை. 1925-இல் அந்தப் புதல்வர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைச் சொந்தத்தில் ஆரம்பித்தபோது, அபிமன்யுவாக நடித்த சண்முகத்துக்குப் பதின்மூன்று வயதுதான் ஆகிக்கொண்டிருந்தது.

அவர்கள் பழையதை உதறிவிட்டுப் போகவில்லை என்பது கவனிக்கத் தக்கது. ஆசிரியருடைய நாடகங்களையே, அவர் பயிற்றுவித்த உச்சரிப்போடும் ஒழுங்கோடும் ஆடத் தொடங்கினார்கள். மாறியது கூட்டு. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியைச் சேர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் வந்து சேர்ந்தார். பாடத்தில் இல்லாத ஹாஸ்யம் மேடையேறிற்று. பின்னர் எம். கந்தசாமி முதலியார் வாத்தியாராக வந்து, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ போன்ற சமூக நாவல்களை நாடகமாக்கினார். அந்த ‘மேனகா’ 1935-இல் சினிமாவாகவும் வெளிவந்தது. கோவலனையும் அபிமன்யுவையும் மட்டுமே அறிந்த பிள்ளைகள் இப்படி ஒவ்வொருவராக வந்த புதியவர்களின் தூண்டுதலால் வேறு மனிதர்களாகி, 1942-இல் சண்முகம் கிழவியாகக் கோலூன்றி ஔவையாராக நின்ற இடம் வரையில் வந்து சேர்ந்தார்கள்.

ஸ்பெஷல் நாடகம் இதையும் மிஞ்சிய துணிச்சல். வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் இன்னோர் ஊரிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள்; முன்பின் பழக்கம்கூட இல்லாமல் இருக்கலாம்; இருவருக்கும் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ மனப்பாடம் என்ற ஒரே ஆதாரத்தில் மேடையேறி, தினைப்புனத்துத் தர்க்கத்தை நினைத்த தூரம் இழுத்துக்கொண்டு போவார்கள். இதில் ஓர் அபாயம் உண்டு. எதிராளியை மடக்கிக் கைதட்டு வாங்கும் ஆசை தலைக்கேறிவிட்டால், வள்ளியும் மறைந்து நாரதரும் மறைந்து, இரண்டு வாயாடிகள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆனால் தர்க்கம் உயர்ந்த தரத்தில் அமையும் இரவுகளில், பாடம் பொதுவாகவும் பழக்கம் புதிதாகவும் இருப்பதால் பிறக்கும் அந்தத் துடிப்புக்கு ஈடே கிடையாது.

மேஜை விளையாட்டின் பிறப்பிலும் இப்படிப்பட்ட ஒரு கோஷ்டி மாற்றம் உண்டென்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களில் பொம்மைப் படைகளை வைத்து நெப்போலியன் காலத்துப் போர்களை ஆடிக்கொண்டிருந்த ஒரு கோஷ்டிக்கு, டேவிட் வெஸ்லி என்பவர் 1969-இல் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை அமைத்துக்கொடுத்தார். படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு தனி மனிதனின் பாத்திரத்தை ஒப்படைத்தார். ஆடியவர்கள் போரை மறந்து ஒருவரோடொருவர் சதியும் பேச்சுமாக இறங்கிவிட, ஆட்டம் கட்டுமீறிப் பாழாயிற்று என்று வெஸ்லி எண்ணினார். அவர்களோ மறுபடியும் வேண்டுமென்று நின்றார்கள். அந்தக் கோஷ்டியிலிருந்த ஆர்னெசன் தம் ‘பிளாக்மூர்’ ஆட்டத்தை வளர்த்து, விஸ்கான்ஸின் மாநிலத்திலிருந்த கைகாக்ஸிடம் கொண்டுபோய் ஆடிக்காட்டினார். பழைய நண்பர்கள் மத்தியிலேயே அது நின்றிருந்தால் ஓர் ஊரின் வேடிக்கையாக முடிந்திருக்கும்; வேறு கோஷ்டியைச் சேர்ந்த ஒருவரின் மேஜைக்குப் போனதால்தான் அதற்கு விதிகளும் வடிவமும் ஏற்பட்டன.

ஆகையால், கோஷ்டி அலுத்தவர்கள் பழைய நண்பர்களிடம் மனஸ்தாபம் இல்லாமல் விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லி, நடந்துகொண்டிருக்கும் கதையை ஒரு கௌரவமான முடிவுக்குக் கொண்டுவந்து விட்டு விலகுவதே முறை. சாக்குச் சொல்லிச் சொல்லி வாராவாரம் வராமல் இருப்பது அநாகரிகம். புதிய மேஜையில் முதல் நாளே ஆயுள் சந்தா செலுத்தவும் வேண்டாம். ‘ஒன் ஷாட்’ என்கிற ஓரிரவுக் கதையொன்றில் உட்கார்ந்து பார்க்கலாம். பகடையை அழகாக உருட்டுகிறவர்கள், குரலை மாற்றி மாற்றிப் பேசுகிறவர்கள், விதிப் புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர்கள் ஆகியோரிடம் மயங்க வேண்டியதில்லை. அடுத்தவர் பேசும்போது அங்குள்ளவர்கள் முகம் என்ன செய்கிறதென்று பார்க்க வேண்டும். தம் முறை வருவதற்காகக் காத்திருக்கும் முகம் ஒன்று. கேட்டதனால் மாறுகிற முகம் இன்னொன்று. ‘நீ இப்போது என்ன செய்கிறாய்?’ என்று வினவிய டஞ்சன் மாஸ்டர், பதில் வரும் வரையில் பொறுத்திருக்கிறாரா, அல்லது தாம் ஏற்கனவே கட்டிய கதவை நோக்கிக் கையைப் பிடித்து இழுக்கிறாரா என்பதையும் கவனித்தால் போதும். பழைய கோஷ்டியில் பேர்பெற்ற அதே வியாபாரியையோ வீரனையோ சுமந்துகொண்டு போகக் கூடாதென்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனைப் பற்றி அங்கே யாருக்கும் அக்கறை இராது, இருக்கவும் வேண்டியதில்லை. இடம் பற்றி ஒரு வார்த்தை: திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய சுருள் வடிவ இந்தியன் காப்பி ஹவுஸ் அழகில் நிகரற்றது, ஆனால் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட அந்தச் சிறு மேஜைகளில் ஆறு பேர் நாலு மணி நேரம் பகடை உருட்ட இயலாது. தலைப்பாகை தரித்த பரிசாரகரின் பொறுமையைச் சோதிப்பதும் தர்மமல்ல. யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியே உத்தமம்.

புதுக் கோஷ்டியைத் தேடிப் புறப்படுகிறவர்கள் அதற்கு முன்பாக, கிழக்கே கோட்டையில் கார்த்திகைத் திருநாள் அரங்கிலோ வேறெங்கேயோ நளசரிதம் மூன்றாம் நாள் நடக்கும்போது ஒருமுறை போய் உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எல்லார் கண்ணும் பாகுகன் மேல் இருக்கும். நீங்கள் ஜீவலனைப் பாருங்கள்.