விந்து பிந்துதல்: 1970இல் வந்த ஒரு அத்தியாயத்தின் மீது சில கேள்விகள்

வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் எழுதிய 'ஹ்யூமன் செக்ஷுவல் இனடிக்வசி' 1970இல் வெளிவந்தது. பாலியல் சிகிச்சை என்ற துறைக்கே அஸ்திவாரம் போட்ட புத்தகம். விந்து முந்துதலுக்கு அவர்கள் சொன்ன வழிகளை அதன்பிறகு ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். என் கண் போனது அதற்கு நேர் எதிரான பிரச்சினையைப் பேசும் சின்ன அத்தியாயத்தின் பக்கம். விறைப்பு இருக்கும், உறவும் நடக்கும், ஆனால் விந்து வராது. அல்லது வருவதற்குள் இருவருமே களைத்துப்போவார்கள்.

இதற்கு அவர்கள் வைத்த பெயரின் நேரடிப் பொருள் 'விந்து வெளியேற்றும் திறனின்மை'. பெயரே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. 11 ஆண்டுகளில் இந்தக் குறையோடு அவர்களிடம் வந்தவர்கள் வெறும் 17 பேர். அதில் 3 பேருக்குத்தான் சிகிச்சை பலிக்கவில்லை என்கிறது புத்தகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'பலிக்கவில்லை' என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்? 1980இல் ஸில்பெர்கெல்ட், எவன்ஸ் என்ற இருவர் 'சைக்காலஜி டுடே' இதழில் புத்தகம் முழுவதற்குமே இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தோல்விக்கான அளவுகோல் தெளிவாக இல்லை என்பது அவர்கள் வாதம். டெஸ்ட் கேஸ் என்னவென்று சொல்லாமல் 'எல்லாம் பாஸ்' என்று ரிப்போர்ட் அனுப்பினால் எங்கள் ஆபீசில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

எண்ணிக்கையை விட எனக்கு இடித்தது சிகிச்சை முறை. மனைவி முதலில் கையால் விந்தை வரவழைக்க வேண்டும். அது பழகியபிறகு, வரப்போகிற கடைசித் தருணத்தில் சட்டென்று உறவுக்கு மாற வேண்டும். ஒருமுறை உள்ளே நடந்துவிட்டால் தடை உடைந்துவிடும் என்பது கணக்கு. இதே புத்தகம் மற்ற பிரச்சினைகளுக்கு என்ன சொல்கிறது? இலக்கு வைக்காதே, தொடுதலை மட்டும் அனுபவி, உன்னை நீயே வேடிக்கை பார்க்காதே என்கிறது. அப்படியிருக்க, இந்த ஒரு நோயாளிக்கு மட்டும் இலக்கைக் கையில் கொடுத்து ஓடச் சொல்வானேன்?

இந்த முரண்பாட்டைச் சரியாகப் பிடித்தவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சிகிச்சை செய்துவந்த பெர்னார்ட் அப்ஃபெல்பாம். இந்த மனிதன் எதையோ தர மறுத்து அடக்கி வைத்திருக்கிறான் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்தார்கள். 1974இல் எழுதிய ஹெலன் சிங்கர் காப்லனுக்கும் இது அறியாமலே நடக்கிற அடக்கல்தான். அப்ஃபெல்பாம் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். இவன் தர மறுப்பவன் இல்லை, அளவுக்கு மீறித் தருகிறவன். துணையின் சுகத்தைக் கடமையாக எடுத்துக்கொண்டு உழைக்கிறான். விறைப்பு இருப்பதால் கிளர்ச்சியும் இருக்கிறது என்று அவளும் நம்புகிறாள், அவனும் நம்புகிறான், டாக்டரும் நம்புகிறார். உள்ளே அவனுக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

எங்கள் தொழிலில் இது பழகிய விஷயம். டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும், ஆனால் சர்வீஸ் எதற்கும் பதில் சொல்லாது. அந்த விளக்கை நம்பிக்கொண்டு லோடை இன்னும் ஏற்றினால் என்ன ஆகும்? அதைத்தான் 1970இன் சிகிச்சை செய்தது.

அப்ஃபெல்பாம் சொன்ன மாற்று ரொம்ப எளிமை. 'எனக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை' என்று அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அவரிடமும் குறை உண்டு. தன்னிடம் வந்தவர்களின் கதைகளை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே விளக்கம் தருகிறார். துணையின் கையை விடத் தன் கையே போதும் என்பவன்தான் இவன் என்று அவர் அடித்துச் சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. அது இயல்பா, பழக்கமா? பின்னாளில் மைக்கேல் பெரல்மன் பழக்கத்தின் பக்கம் பார்த்தார்: எவ்வளவு அடிக்கடி சுயஇன்பம், எந்த விதத்தில், கற்பனைக்கும் படுக்கைக்கும் எவ்வளவு தூரம். இறுகப் பிடித்தோ குப்புறப் படுத்து அழுத்தியோ வருடக்கணக்கில் பழகிய உடம்புக்கு உறவின் மென்மையான அழுத்தம் போதாமல் போகலாம். பழக்கம் என்றால் மாற்ற முடியும். சில வாரங்கள் நிறுத்தலாம், பிடியைத் தளர்த்தலாம், கையை மாற்றலாம்.

மூவருமே உடம்பையும் மருந்தையும் ஓரத்தில் வைத்துவிட்டார்கள் என்று சொன்னால், 1970இன் புத்தகத்துக்கு அது அநியாயம். ஃப்ளூவாக்ஸெட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987இல்தான். இன்றோ மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் செர்ட்ரலின், பராக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் இந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம். விந்து முந்துகிறவர்களுக்கு இதே வகை மருந்தைத் தருவதும் அதனால்தான். என் நண்பர் ஒருவருக்கு எழுதிக்கொடுத்த டாக்டர் இதைச் சொல்லவே இல்லை. அவர் தன்னையும் கல்யாணத்தையும் சந்தேகப்பட்டு எட்டு மாதம் போனது. ஆனால் மாத்திரையைத் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. டோஸ் குறைப்பது, புப்ரோபியான் மாதிரி வேறு மருந்துக்கு மாறுவது எல்லாம் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை. நாள்பட்ட சர்க்கரை நோயும் நரம்பைக் கெடுக்கும். புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசினில் உச்சகட்டம் வந்தும் திரவம் வராமல் போகலாம். அது வேறு கதை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆக முதலில் கேட்க வேண்டியவை: எப்போதிலிருந்து? தனியாக இருக்கும்போது வருகிறதா? புது மருந்து ஏதாவது? தனியாகச் சுலபமாக வருகிறதென்றால் நரம்பைப் பற்றிய பயம் பெரும்பாலும் குறையும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். சுவர் விளம்பரமும் மெடிக்கல் ஷாப் ஸ்ப்ரேயும் 'நேரத்தை' விற்கின்றன. பிந்துகிறவன் வாய் திறந்தால் 'கொடுத்து வைத்தவன்டா' என்பார்கள். வீட்டிலோ, தன்னிடம் அவனுக்கு ஈர்ப்பில்லை என்று மனைவி நினைத்துக்கொள்கிறாள். ஐந்து நாடுகளில் 500 ஜோடிகள் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்ட ஆய்வு 2005இல் வந்தது. நடு அளவு 5.4 நிமிடம். இதைத் தெரிந்துகொண்டால் இருபது நிமிடம் ஓடுவதைச் சாதனை என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் வீடுகளில்தான் இது ரொம்பக் கொடுமை. 'இன்றைக்கு நடந்தே ஆகணும்' என்ற தேதி, அந்தப் பழைய அத்தியாயத்தின் கட்டளைதான் வேறு ரூபத்தில். தனியாக எடுத்த விந்தைக் கொண்டு கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ முறை இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் குழந்தைக் கவலை படுக்கையறையை விட்டு வெளியே போகும். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, தன் 'ஆண் உச்சகட்டக் கோளாறு' என்ற பழைய பெயரை விட்டுவிட்டு 'தாமத விந்து வெளியேற்றம்' என்று எழுதியது. திறனும் இல்லை, குற்றமும் இல்லை, வெறும் கடிகாரம். எனக்கு அது பிடித்திருக்கிறது. படிக்க நினைப்பவர்கள் அப்ஃபெல்பாமின் கட்டுரையை முதலில் படியுங்கள். 1970 புத்தகத்தை அதற்குப் பிறகு எடுங்கள்.