தேசப்படமும் நீதியும்: நியூயோர்க் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

தேசப்படமும் ஒரு பனுவலே. யார் ஆக்கினர், யார் பொருட்டு ஆக்கினர், எதனைக் காட்டி எதனை மறைத்தனர் என இலக்கியத்தை நோக்கி நாம் எழுப்பும் வினாக்கள் அதற்கும் பொருந்தும். வறியோருக்குச் சட்ட உதவியை எட்டச்செய்யும் கருவியெனக் கணினிப் படமாக்கல் இன்று போற்றப்படுகின்றது. இக்கூற்றினை உரைத்துப் பார்ப்பதற்கு நியூயோர்க் நகரம் தக்க களமாகும்.

அமெரிக்காவில் பாரதூரமான குற்ற வழக்குகளில் வறியோருக்குச் சட்டத்தரணி பெறும் உரிமை 1963இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதியாயிற்று. வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படுதலோ குடியியல் வழக்கு. அங்கு அவ்வுரிமை இருக்கவில்லை. குடியிருப்பாளரின் தொடர்ச்சியான போராட்டத்தின் பயனாக, அந்நாட்டு நகரங்களுள் முதலாவதாக நியூயோர்க் 2017இல் அதனைச் சட்டமாக்கியது. எனினும், உரிமை படிப்படியாகவே வழங்கப்பட்டது. வெளியேற்ற வழக்குகளின் தொகை, வீடற்றோர் காப்பகங்களை நாடுவோர் தொகை முதலியன கணிக்கப்பட்டு, அஞ்சற் குறியீட்டுப் பகுதிகள் சில முதலில் தெரிவுசெய்யப்பட்டன. ஒரே வறுமையில் உழல்வோருள் கோட்டுக்கு இப்பாலுள்ளவர் உரிமையுடையவர், அப்பாலுள்ளவர் அஃதற்றவர். 2021இல் நகரம் முழுவதும் உள்ளடக்கப்பட்டது. ஆயின், பெருந்தொற்றுக்கால வெளியேற்றத் தடை 2022 சனவரியில் நீங்கியதும் வழக்குகள் பெருகின, சட்டத்தரணிகள் போதவில்லை. உரிமையுடையோர் பலர் துணையின்றியே மன்றில் நின்றனர். படத்தில் முழுமை பெற்ற உரிமை நடைமுறையில் முழுமை பெறவில்லை.

இதனருகே வைத்து நோக்கத்தக்கது இன்னொரு படம். சட்டத்தரணி பெறும் உரிமைக்கான நியூயோர்க் கூட்டமைப்பு, வெளியேற்ற எதிர்ப்புப் படமாக்கல் திட்டம் முதலியன இணைந்து, ஆகக் கூடுதலானோரை வெளியேற்றும் வீட்டுடைமையாளரின் பட்டியலையும் அவர்தம் கட்டடங்களையும் 2018இல் படமாக்கி வெளியிட்டன. பல்வேறு கம்பனிப் பெயர்களுள் மறைந்திருந்த உடைமை வெளிச்சத்துக்கு வந்தது. முன்னைய படத்தில் வறியோர் புள்ளிகளாகத் தோன்றினர். அவரை வறியோராக்கும் உறவு தோன்றவில்லை. பின்னையது அவ்வுறவையே பொருளாகக் கொண்டது.

இதனால் முன்னையது பயனற்றதெனக் கொள்ளுதல் தவறு. வரையறுத்த நிதி மிகுந்த தேவையுள்ள இடத்தை அடைய அது வழிகாட்டியது. ஆனால் தேவை எங்குள்ளது என்ற வினாவோடு நிற்பது நிருவாக நோக்கு. அத்தேவை எவ்வாறு உற்பத்தியாகின்றது என வினவுவதே சமூக நோக்கு. கருவி ஒன்றே; அதனைக் கையாளும் வர்க்க நிலைப்பாடே இரு படங்களையும் வேறுபடுத்தியது. சட்ட உதவியை மக்களிடம் கொண்டுசெல்ல விழைவோர் இரண்டையும் ஒருங்கே வாசித்தல் வேண்டும்.