வாடகைக்கு வரும் இயந்திர மனிதன்

கல்யாண டின்னருக்கு மேளம், பந்தல், வீடியோ எல்லாம் பேசி முடித்த கையோடு, "வாசல்ல ஒரு ரோபோ நிறுத்தலாமா?" என்று கேட்கும் காலம் மலாக்காவுக்கும் வந்துவிட்டது. ஆயர் குரோ பக்கம் மண்டபம் எடுக்கும் குடும்பங்கள் கேட்கின்றன. பரிசளிப்பு விழாவுக்குக் கூட்டம் வர வேண்டுமே என்று கவலைப்படும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. கைத்தொலைபேசியில் மட்டுமே பார்த்த ஒன்றைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட நினைப்பது நல்ல ஆசைதான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்து, ஓரிரு மணி நேரம் ஆடவிட்டு, அன்றிரவே திருப்பி அனுப்பிவிடுகிறோம். இதில் நம் காசு எதற்குப் போகிறது, நம் ஊரில் என்ன தங்குகிறது என்று கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இந்தச் சந்தை சூடுபிடித்தது சீனாவில். 2025 ஜனவரி 28, சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு. அரசுத் தொலைக்காட்சியின் கலைநிகழ்ச்சியில் யூனிட்ரீ நிறுவனத்தின் எச்1 ரோபோக்கள் 16 சேர்ந்து கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு யாங்கே என்ற நாட்டுப்புற ஆட்டம் ஆடின. வடிவமைத்தவர் திரைப்பட இயக்குநர் ஜாங் யீமோ. அடுத்த சில வாரங்களில் அதே நிறுவனத்தின் சிறிய ஜி1 ரோபோவுக்கு ஒரு நாள் வாடகை 10,000 யுவான் அளவுக்கு ஏறியதாகச் செய்திகள் வந்தன. அப்போது அதன் விற்பனை விலையே 99,000 யுவான். பத்து நாள் ஓடினால் முதல் வந்துவிடும் என்ற நிலையில், கையில் காசுள்ளவர்கள் வாங்கி வாடகைக்கு விட்டதில் வியப்பென்ன? அதே ஆண்டு ஜூலையில் ஆர்1 என்ற மாதிரியை 39,900 யுவானுக்கு அறிவித்தார்கள்.

வாடகை முறையின் பலம் இந்த விலைச் சரிவில்தான் தெரிகிறது. ஆறு மாதத்தில் பாதிக்கும் கீழான விலையில் அடுத்த மாதிரி வந்துவிடும் பொருளை, சங்கப் பணத்தில் வாங்கிப் பூட்டி வைப்பது புத்தியான காரியமில்லை. பழுது பார்ப்பதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் உடைமைக்காரர் தலைவலி. பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு கூப்பிடாமல் விட்டுவிடலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்துபோன தோட்டப் பள்ளிக்கு இந்தச் சுதந்திரம் பெரிய விஷயம். இதை ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

சிக்கல் எல்லையில் தொடங்குகிறது. ஜி1 ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரம், 35 கிலோ எடை. பெட்டிக்குள் மடக்கி வேனில் ஏற்றிவிடலாம். விமானம் என்றால் கதை வேறு. பயணிகளின் சாமானில் 100 வாட்-மணிக்கு உட்பட்ட லித்தியம் பேட்டரிக்குத் தடையில்லை; 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்; அதற்கு மேல் போனால் ஆபத்தான சரக்கு என்ற கணக்கில்தான் அனுப்ப முடியும். ஜி1-இன் பேட்டரி 13 செல் அடுக்கு, 9,000 மில்லி ஆம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 400 வாட்-மணியைத் தாண்டுகிறது. அதனால்தான் சீனாவில் வாடகை மலிந்தாலும் அந்த மலிவு நமக்கு நேராக வந்து சேர்வதில்லை. நமக்கு வசதி சிங்கப்பூர். துவாஸ் பாலம் ஏறினால் சாலை வழியே 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் அங்கே வாடகை சிங்கப்பூர் டாலரில். ஒரு டாலருக்கு 3 வெள்ளிக்கு மேல் கொடுக்கிற நமக்கு, அங்கே சுமாராகத் தெரியும் தொகை இங்கே கனக்கிறது.

சுங்கத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோகும் பொருளுக்கு வரி கட்டாமலிருக்க ஏ.டி.ஏ. கார்னெட் என்ற ஆவணம் உண்டு. மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் அதை ஏற்கின்றன. தொழில்முறைக் கருவி என்ற வகையில் கொண்டுவந்தால், வருகிறவரே அதைப் பயன்படுத்த வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டும். ரோபோவை மட்டும் அனுப்பிவிட்டு, "நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் கூடவே வர வேண்டும். அவர் வெளிநாட்டவர் என்றால், சுற்றிப் பார்க்க வந்தவர் முத்திரையோடு மேடையில் வேலை செய்வது முறையல்ல. உரிய பாஸ் எடுக்க வேண்டும். வைஃபை, புளூடூத் உள்ள கருவிக்குச் சிரிம் சான்று பற்றிய கேள்வியும் வரும். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடகரை அழைக்கும்போது புஸ்பால் அனுமதிக்கு அலைகிற ஏற்பாட்டாளர்கள், இயந்திரம்தானே என்று இதில் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். தாள் சரியில்லாமல் பாலத்தில் வண்டி நின்றுபோனால், மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கு யார் பதில் சொல்வது? முன்பணத்தை யார் திருப்புவது? ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்கியவர்கள் மிகக் குறைவு.

மலாக்கா நகரில் உறவினர் வீட்டு டின்னர் ஒன்றில் இந்த ரோபோவைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள், இடுப்பு மூட்டில் துணி சிக்கியதால் அவிழ்த்துவிட்டு, அங்கவஸ்திரத்தை மட்டும் ஊக்குப் போட்டு நிறுத்தினார்கள். அந்த மாதிரிக்கு விரல்கள் இல்லை. கும்பிட்டபோது இரண்டு முட்டிகள் ஒன்றையொன்று தொட்டன, அவ்வளவுதான். "வணக்கம், வருக" என்ற குரல் பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. முன்பே பதிந்து வைத்தது. தூணுக்கு அந்தப் பக்கம் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பையன் கைக்கருவியை இரண்டு கைகளிலும் பிடித்து, கார்பெட் ஓரத்தை ரோபோ மிதித்துவிடக் கூடாதே என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் கூடி நின்று கைதட்டினார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அப்போது செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா வந்து ரோபோவின் காலடியில் குந்தினார். "தம்பி, இந்தக் கணுக்காலுக்கு எத்தனை மோட்டார்?" என்று கேட்டார்.

"தெரியாது அங்கிள். எனக்கு ஓட்ட மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

ஒரு காலுக்கு 6 மூட்டசைவு, அதில் கணுக்காலில் 2, அடிப்படை மாதிரியில் மொத்தம் 23 என்பது தயாரிப்பாளர் வெளியிட்ட விவரம்தான். ரகசியமில்லை. நாற்பது ஆண்டு பேரிங்கும் பெல்ட்டும் மாற்றிய கைக்கு அந்த ஒரு பதில் போதும். அங்கிருந்து அவரே மீதியைப் பிடித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பார். கொடுத்த வாடகையில் அந்தப் பதில் சேரவில்லை. அந்தப் பையன்மேல் எனக்குக் குறையில்லை. அவனுக்குக் கற்றுத்தராமல் அனுப்பியவர்கள்மேலும், அதைக் கேட்காமல் காசு கொடுத்த நம்மேலும்தான்.

விளம்பரத்தில் 'தானே சிந்திக்கும் ரோபோ' என்று போடுவது இதைவிட மோசம். உலகப் பெரு நிறுவனங்களே இந்த விஷயத்தில் மாட்டிக்கொண்டன. 2024 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் டெஸ்லா நடத்திய விழாவில் பானம் ஊற்றிக்கொடுத்துப் பேசிய ஆப்டிமஸ் ரோபோக்களைத் தொலைவிலிருந்து ஆட்கள் இயக்கியது பின்னர் வெளியே வந்தது. மாறாக, 2025 ஏப்ரல் 19-ல் பெய்ஜிங்கில் மனிதர்களோடு ரோபோக்களும் ஓடிய அரை மாரத்தானில் ரோபோக்களில் முதலாவதாக வந்த தியாங்கோங் 2 மணி 40 நிமிடம் 42 விநாடி எடுத்துக்கொண்டது. வழியில் மூன்று முறை பேட்டரி மாற்றினார்கள். கூடவே ஆட்கள் ஓடினார்கள். அதை ஒளிக்கவில்லை என்பதால்தான் அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பாடம் கிடைத்தது. நம் மண்டபத்திலும் அந்தப் பையனைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தாமல் மேடையில் ஏற்றி, "இவர்தான் ஓட்டுகிறார்" என்று அறிவிப்பாளர் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

ரோபோ யாருடைய இடத்தில் வந்து நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் திருச்சூர் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலுக்கு பீட்டா அமைப்பு ஓர் இயந்திர யானையைக் கொடுத்தது. இரும்புச் சட்டத்தின்மேல் ரப்பர் போர்த்திய 800 கிலோ யானை. சங்கிலியும் அங்குசமும் வெடிச்சத்தமும் தாங்கி நின்ற உயிருள்ள யானைக்கு அதனால் விடுதலை. அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் நம் கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் பிடித்து நிற்கும் சிறுமிகள் யாரும் அப்படித் துன்பப்படவில்லை. தாவணி கட்டிக்கொண்டு, வந்தவர் யார், எந்தத் தோட்டத்துச் சொந்தம், மாமாவா பெரியப்பாவா என்று அவர்கள் கற்றுக்கொள்ளும் இடம் அது. மேடைக்கு முன்னால் உறுமி அடிக்கும் பையன்களுக்கும் அப்படித்தான். வாரக் கடைசியில் கிடைக்கும் காசும் பெயரும் அவர்களைத் தெருவிலிருந்து பிடித்து வைத்திருக்கிறது. செங் சன்னாசிமலைக்கு மாசி மகத்தில் ரதம் போகும்போது தண்ணீர்ப் பந்தலில் கை நீட்டி மோர் கொடுக்கிறவர் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைப்பதை யாரும் விரும்பமாட்டார்கள் என்று நம்புகிறேன். வரவேற்பு வேலையை ரோபோவுக்குக் கொடுப்பதுதான் இந்த வாடகையின் மிக மோசமான பயன். வருத்தம் என்னவென்றால், பெரும்பாலும் அதற்குத்தான் கேட்கிறார்கள்.

இயந்திரம் நமக்குப் புதிதல்ல. பையன்கள் நகரத்துக்குப் போய், பூசைக்கு மேளம் அடிக்க ஆளில்லாமல் போன தோட்டக் கோயில்களில் மோட்டார் மேளம் வந்தது. சேகண்டியும் மணியும் மேளமும் ஒரே சுவிட்சில். அதனால் கையால் அடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தது உண்மை. ஆனால் அது வந்த இடத்திலேயே இருந்தது. பெல்ட் அறுந்தால் மாற்றத் தெரிந்தவர் அதே லயத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்தும் தஞ்சைப் பக்கமிருந்தும் வந்த நாதஸ்வர, தவில் வித்துவான்களும் கூலிக்கு வந்தவர்கள்தான். மாதக்கணக்கில் தங்கியபோது நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வாடகை ரோபோவால் மோட்டார் மேளம் தந்த பழுது பார்க்கும் பழக்கமும் இல்லை, வித்துவான் தந்த சீடனும் இல்லை.

கேட்க வேண்டியது இன்னும் உண்டு. ஜி1-இன் தலையில் கேமராவும் லைடாரும் இருக்கின்றன. அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீனாவிலுள்ள சர்வர்களுக்குத் தகவல் அனுப்புவதாக 2025-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எழுதினார்கள். விருந்துக்கு வந்தவர்களின் முகமும் குரலும் எங்கே போகின்றன என்று வாடகைக்காரரைக் கேட்க 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றே போதிய காரணம். பிள்ளைகள் நெருங்கும் இடத்தில் 35 கிலோ சாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். காப்புறுதித் தாளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. துரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது. புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. ரோபோ கட்டக் கற்கும் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. பத்து பெரண்டாமில் 1973-லிருந்து, முதலில் சீமென்ஸ், இப்போது இன்ஃபினியன் என்ற பெயரில் சில்லுத் தொழிற்சாலை ஓடுகிறது. அங்கே உருவாகும் மின்திறன் சில்லு வகைகள் இல்லாமல் எந்த ரோபோவின் மூட்டும் அசையாது. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் போய் ஷிப்டு பார்த்த நம் அக்காமார்களின் கை அந்தத் தொழிலில் இருக்கிறது. இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணுக்காலில் எத்தனை மோட்டார் என்று தெரியாத ஒருவருக்கு டாலரில் காசு கொடுக்கிறோம்.

எல்லை தாண்டி வந்த ஒன்று இந்த மாநிலத்தை மாற்றிய வரலாறும் உண்டு. தான் சாய் யான் என்பவர் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். தூண்டியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி. அவர் கன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தச் சீவலைப் பின்னால் நம் பாட்டன் பாட்டிகள் மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டார்கள். லாபம் அவர்களுக்கு வரவில்லை என்பது தனிக் கொடுமை. ஆனால் தொழில் கைவசமானது. ஒரு தலைமுறை அதை வைத்துப் பிழைத்தது.

ஆகவே பள்ளி விழாவுக்கு ரோபோ எடுப்பதை நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. இரவு மேடைக்கு முன் பகலில் ஒரு மணி நேரம் வகுப்பறையில் அதை நிறுத்த வேண்டும். மூட்டையும் பேட்டரியையும் காட்டி விளக்கத் தெரிந்தவர் கூட வர வேண்டும். விழுந்தால் எப்படி எழுகிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஓட்டும் கருவியை ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையில் கொடுக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுத மறுக்கும் வாடகைக்காரர் வேண்டாம். மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள். தனித்தனியாக விழாவுக்கு ஒருமுறை எடுப்பதற்குப் பதிலாக, நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து ஒரே வாரத்துக்குப் பேசினால் எல்லைச் செலவு ஒருமுறைதான். கெமுனிங்கிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ஒவ்வொரு நாள் நிறுத்தலாம். அதற்கும் முன்னால், துரியான் துங்கல் பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்றத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவர்களிடம் இருப்பது ஆடத் தெரியாத, பாதி கட்டிய ரோபோவாக இருக்கலாம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள். அடுத்த வாரமும் வருவார்கள்.