வேதி ஒப்புமையும் ஓட்ட அடையாளமும்: இராஜமுந்திரி பசால்ட் குறித்த ஒரு மதிப்பீடு

தக்காணப் பசால்ட்டின் பெருநிலப்பரப்புக்கு அப்பால், கோதாவரிக் கரையில் இராஜமுந்திரியை அடுத்துத் தனித்துக் கிடக்கும் பசால்ட்டை மேற்குத் தொடர்ச்சி மலையின் லாவாக்களோடு இணைக்கும் கருத்து புதியதன்று. அதனை ஐயமற நிறுவ முற்பட்டது, ஸ்டீபன் செல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட கட்டுரை. இராஜமுந்திரியின் கீழ், மேல் லாவாக்கள் முறையே அம்பேநளி, மகாபலேஷ்வர் பாறைத்தொகுதிகளைச் சார்ந்த இரு பேரோட்டங்களின் கடைமுனைகள் என்பதும், அவை ஏறத்தாழ 1,000 கி.மீ. பாய்ந்து உலகில் அறியப்பட்டவற்றுள் மிக நீண்டவை ஆகின்றன என்பதும் அதன் முடிவு.

இம்முடிவில் இருவேறு கூற்றுகள் பிணைந்துள்ளன. இந்த லாவாக்கள் தக்காணத்தின் குறித்த பாறைத்தொகுதிகளைச் சேர்ந்தவை என்பது ஒன்று. மலைத்தொடரில் வெடித்த அதே ஓட்டங்கள் இவை என்பது மற்றொன்று.

முதற் கூற்று வலுவுடையது. மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் லாவாக்கள் பல கண்ணுக்கு ஒரே தன்மையனவாகவே தோன்றும். ஆகவே 1980களில் தடயத் தனிமங்களையும் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதத்தையும் கொண்டு அடுக்கியல் வகுக்கப்பட்டது. கண்ட மேலோட்டுப் பொருள் மிகுதியாகக் கலந்த புஷே லாவாவும், மிகக் குறைவாகக் கலந்த அம்பேநளி லாவாவும் இம்முறையில் தெளிவாகப் பிரிகின்றன. இராஜமுந்திரியில் இவ்வேதிச் சான்றுக்குக் காந்தச் சான்று துணைநிற்கிறது: கீழ் லாவா தலைகீழ்க் காந்தமுனைவும், மேல் லாவா இயல்பு முனைவும் உடையன. மலைத்தொடரிலும் அம்பேநளி தலைகீழ் முனைவு உடையது; முனைவு மாற்றம் மகாபலேஷ்வர் தொகுதிக்குள்ளேயே நிகழ்கிறது. ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் ஒரே வரிசையைக் காட்டுவதைத் தற்செயல் எனல் அரிது.

இரண்டாம் கூற்றுக்கு இந்த வலிமை இல்லை. ஒரு பாறைத்தொகுதி பல ஓட்டங்களின் தொகுப்பு; அதன் வேதி வரம்பு அத்தொகுப்பின் வரம்பேயன்றித் தனி ஓட்டம் ஒன்றின் கைரேகை அன்று. ஒரே மூலமும் ஒத்த கலப்பும் வேறிடத்தில் மீண்டும் நேர்ந்தால் ஒத்த லாவா தோன்றும். வடகிழக்குத் தக்காணம் பற்றிய 1998ஆம் ஆண்டு ஆய்வில், தென்மேற்கு லாவாக்களைத் தனிம அளவில் ஒத்த பல லாவாக்கள் ஈய ஐசோடோப்புகளில் வேறுபட்டமை இங்கு நினைக்கத்தக்கது. இடைநிலத்திலோ, ஓட்டத்தைத் தொடர்ந்து பின்பற்றிச் செல்லப் பாறை வெளிப்பாடு இல்லை. இவ்விடைவெளியைக் கட்டுரை குளிர்தல் வீத மாதிரியாலும், இறுதி 400 கி.மீ. லாவா தொன்மைக் கிருஷ்ணா பள்ளத்தாக்கின் வழியே ஓடியது என்னும் விளக்கத்தாலும் நிரப்புகிறது. லாவா அத்தொலைவு ஓட இயலும் என்பதை மாதிரி காட்டுகிறது, ஓடியதை அன்று.

இவ்வேறுபாடு சொல்லளவினது அன்று. ஒரே வெடிப்பில் வெளியேறிய லாவாவின் கன அளவும், அதனோடு வளிமண்டலத்தை அடைந்த கந்தக ஈராக்சைடும் ஓட்டத்தின் நீளத்தைக் கொண்டே கணிக்கப்படுகின்றன, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் தக்காண எரிமலைகளின் பங்கை அளப்போர் கையாள்வதும் அக்கணிப்புகளையே.